ஓதியோ நோன்

நான் வேலையிலிருந்து நின்ற அன்று ஸ்டூடியோவில் எனக்குச் சால்வை போர்த்தி, கையில் ஒரு பென் டிரைவ் கொடுத்தார்கள். அதில் என் பிரிவுபசார விழா வீடியோ இருந்தது. வீட்டுக்கு வந்து டிவியில் சொருகினால், இந்த ஃபைலைத் திறக்க முடியாது என்று டிவி கையை விரித்துவிட்டது. காலமெல்லாம் புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரில் உட்கார்ந்து ஊரார் கல்யாணத்தை ஊரார் டிவியில் ஓட வைத்தவளுக்குச் சொந்த விழா ஓடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் சால்வையைக்கூட மடித்து வைக்கவில்லை.

மறுநாள் போய்க் கேட்டேன். எடிட்டிங்கில் உட்காரும் பிள்ளைகள், “போன்ல ஓடுதே அக்கா” என்றார்கள். என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு ஒருத்தி மட்டும் கொஞ்சம் பணிவாக, எல்லாமே வீடியோதானே, ஏவிஐ, எம்கேவி, எம்பி4 என்று எதற்கு இத்தனை பெயர் என்று கேட்டாள். நின்ற இடத்தில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. ஒரு பெண்ணின் கல்யாணமே இந்தப் பெயர்க் குழப்பத்தில் ஆடிப்போனதை நான் கிட்டே இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என்னை இந்த வேலைக்குச் சேர்த்தது கலைத்திறமை பார்த்து அல்ல. எனக்குத் தமிழ்த் தட்டச்சு தெரியும், அவ்வளவுதான். கேசட் காலத்தில் மணமகன் மணமகள் பெயரைப் பூச்சொரியும் எழுத்தில் படத்தின் மேல் போட ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் போனேன். பிறகு கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் டிவிடி வந்தது, அதுவும் போய் பென் டிரைவ் வந்தது. எதற்கும் எங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. வாடிக்கையாளர்கள் திட்டத் திட்டக் கற்றுக்கொண்டோம்.

கற்றுக்கொண்டதில் முக்கியமானதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீடியோ ஃபைல் என்பது ஒரு டிபன் கேரியர். ஓர் அடுக்கில் படம் இருக்கும், இன்னோர் அடுக்கில் சத்தம் இருக்கும். ஏவிஐ, எம்கேவி, எம்பி4 எல்லாம் கேரியரின் பெயர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். படம் அப்படியே இருந்தால் மலை மாதிரி இடத்தை அடைக்கும் என்பதால் ஒரு முறையில் அமுக்கி வைப்பார்கள். சத்தத்தை வேறு ஒரு முறையில் அமுக்குவார்கள். அமுக்கிய முறை தெரிந்த பெட்டிதான் அதைப் பிரித்துக் காட்டும். படத்தின் முறை தெரிந்து சத்தத்தின் முறை தெரியாத டிவியில் படம் மட்டும் வரும். பாட்டு விஷயமும் இப்படித்தான். வேவ் என்பது பதிந்த சத்தத்தை அப்படியே வைத்திருக்கும், பெரிதாக இருக்கும். எம்பி3 என்பது காது கவனிக்காத சத்தத்தையெல்லாம் கழித்துக் கட்டிவிட்டுச் சின்னதாக இருக்கும்.

இது தெரியாமல் பட்ட அவமானங்கள் கணக்கில்லை. கூழ் ஊற்றும் திருவிழாவுக்காகக் கமிட்டிக்காரர் ஒருவர் எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அம்மன் பாட்டையெல்லாம் தானே காப்பி செய்துகொண்டு போனார். அவர் எடுத்துப்போனது பாட்டுகளை அல்ல, பாட்டு எங்கே இருக்கிறது என்று காட்டும் ஷார்ட்கட் என்ற சின்னப் படங்களை மட்டும். கோயிலில் சொருகினால் பெயரெல்லாம் வரிசையாகத் தெரிகிறது, ஒலிபெருக்கி வாயைத் திறக்கவில்லை. தீபாராதனை ஆகும்வரை அந்த மனிதர் எங்களைத் திட்டியது மட்டும் மைக்கில் நன்றாகக் கேட்டது.

இனி என் முதலாளி தனசேகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். சம்பளம் தவறாது, அதிர்ந்து பேச மாட்டார், கேமராவைப் பிடித்தால் கை நடுங்காது. ஒரே குறை, எண் கணிதப் பைத்தியம். பெற்றவர்கள் வைத்த தனசேகரனில் வாலை வெட்டி, இங்கிலீஷில் இரண்டு எழுத்தைக் கூட்டி வைத்திருந்தார். ஸ்டூடியோவுக்கும் மூன்று முறை பெயர் மாற்றினார். மூன்றாவது போர்டு ஏறிய கையோடு கல்யாண ஆர்டர்கள் குவிந்தன. தை மாதம் பிறந்துவிட்டது என்பதை நான் சொன்னேன், அவர் காதில் விழவில்லை.

இப்படிப்பட்டவர் கையில் கம்ப்யூட்டர் கிடைத்தது. ஃபைலின் பெயரை மாற்றலாம், அதன் வாலில் இருக்கும் மூன்று எழுத்தையும் மாற்றலாம் என்று தெரிந்த அன்று அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எம்கேவி ஓடவில்லையா, அழித்துவிட்டு எம்பி4 என்று எழுதிவிடு. கேரியர் மேல் சாம்பார் என்று எழுதினால் உள்ளே இருக்கும் ரசம் சாம்பார் ஆகிவிடாது என்று எத்தனையோ முறை சொன்னேன். “பேர மாத்தினா ஜாதகமே மாறுது விஜயா, கேவலம் ஒரு ஃபைலு மாறாதா?” என்பார்.

கொடுமை என்னவென்றால், சில சமயம் ஓடிவிடும். எங்கள் கடை கம்ப்யூட்டரில் இருந்த பிளேயர், பெயரை மதிக்காமல் உள்ளே திறந்து பார்த்து ஓட்டிவிடும். அது பிளேயரின் நல்ல குணம். முதலாளி அதைத் தன் வெற்றியாக எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்காகவே அந்த பிளேயரை அழித்துவிடலாமா என்று நினைத்திருக்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒதியம்பட்டு தெய்வசிகாமணி வந்தார். கரும்பும் நெல்லும் வைத்திருந்த விவசாயி. அவருடைய பெரிய பெண் கலைவாணி பட்டப்படிப்பு முடித்து, சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் சரக்கு சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். அவளுக்கு பிரான்சில் இருந்து வரன் வந்திருந்தது. பையனின் அம்மா மனோன்மணி, தெய்வசிகாமணிக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. கல்யாணமாகி சொல்தா வீட்டுக்குப் போனவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள் குடும்பத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். பிறகு குடும்பத்தோடு பிரான்சுக்கே போய்விட்டார்.

அந்த அம்மாள் கடைசியாக ஊருக்கு வந்தபோது கலைவாணிக்கு மூன்று வயது. அதுவரை குழந்தைக்குப் பேச்சே வரவில்லை. அடுத்த வருஷம் வந்தது, இன்றுவரை நிற்கவில்லை என்று தெய்வசிகாமணியே சொல்வார். ஆனால் மனோன்மணி அம்மாள் மனதில் பேசாத குழந்தைதான் நின்றுபோயிருந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்தாலும் நம்ப மாட்டார், கல்யாண விஷயத்தில் எல்லாரும் நல்லதைத்தானே சொல்வார்கள். அதனால் பெண் நடந்து வந்து உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். இணையத்தில் முகம் பார்த்துப் பேசலாமே என்று நான் கேட்டதற்கு, நிச்சயம் ஆகாத பெண் நேருக்கு நேர் பேசுவது முறையில்லை, வீடியோ என்றால் போட்டோ மாதிரி, அது பரவாயில்லை என்றார் தெய்வசிகாமணி. அந்த வித்தியாசம் எனக்கு விளங்கவில்லை, அவருக்கு விளங்கியிருந்தது.

முதலாளி அப்போதுதான் புது கேமரா வாங்கியிருந்தார். பெண் இருக்கும் வீடு என்பதால் நானும் கூடப் போனேன். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு, கேமராவை முக்காலியில் நிறுத்தி ஓட விட்டுவிட்டு, முதலாளி வெளிச்சம் மறைக்கும் துணியைக் கட்டப் போனார். நான் உள்ளே கலைவாணியின் அம்மாவோடு புடவைக்கு ஊக்குத் தேடிக்கொண்டிருந்தேன். கலைவாணி நாற்காலியில் உட்கார்ந்து அப்பாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் நின்று பின்னால் கட்டியிருந்த மாட்டை அதட்டுவதும் தன் தலையை வாருவதுமாக இருந்தார். எல்லாம் தயாரானதும் அவள் கையைக் கட்டிக்கொண்டு, “வணக்கம் அத்தை, என் பேரு கலைவாணி” என்று ஆரம்பித்து, படிப்பு, வேலை, சமையல் என்று பாடம் ஒப்பித்தாள். நான் கடைக்கு வந்து, முன்னால் இருந்ததைக் கேட்காமலே ஓட்டித் தள்ளிவிட்டு, அந்த வணக்கத்திலிருந்து கடைசி வரை வெட்டி எடுத்து, அழகான சின்ன வீடியோவாக்கி வைத்தேன்.

பாரிஸ் போகிற ஒருவர் கையில் பென் டிரைவைக் கொடுத்தனுப்பினார்கள். அதில் ஃபைலைப் போட்டது முதலாளி. நான் தை மாதத்துக் கல்யாண ஆல்பங்களில் தலையைக் கொடுத்திருந்ததால் என்ன போட்டார் என்று பார்க்கவில்லை.

பதில் வந்தது. படம் தெரிகிறது, சத்தம் வரவில்லை.

முதலாளி என்னிடம் மூச்சு விடாமல், வாலை ஏவிஐ என்று மாற்றி இணையத்தில் அனுப்பினார். சத்தம் வரவில்லை. எம்பிஜி என்று மாற்றி அனுப்பினார். வரவில்லை. பிறகு பெண்ணின் பெயர்க் கூட்டலே சரியில்லை, இங்கிலீஷில் ஓர் எழுத்து கூட்ட வேண்டும் என்று கண்டுபிடித்து, கூட்டி எழுதி அனுப்பினார். வாக்குக்கு அதிபதியான தெய்வத்தின் பெயரை வைத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பெயரால்தான் வாக்கு வரவில்லை என்று சொன்ன ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார்.

அங்கே மனோன்மணி அம்மாளுக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. வேண்டுமென்றே சத்தத்தை எடுத்துவிட்டு அனுப்புகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார். வேறு வழியில்லாமல் தெய்வசிகாமணி முறையையெல்லாம் ஓரம் வைத்துவிட்டுப் பெண்ணை போனில் பேச வைத்தார். பேசியது பெரியவளா, குரல் ஒரே மாதிரி இருக்கும் சின்னவளா என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டார் அந்த அம்மாள். அவருக்குப் படமும் குரலும் சேர்ந்து வர வேண்டும். யோசித்துப் பார்த்தால் நியாயம்தான்.

இங்கே தெய்வசிகாமணிக்கும் சந்தேகம் வந்தது. கடையில் முதலாளி நான் வெட்டி வைத்த வீடியோவைப் போட்டுக் காட்ட, சத்தம் கணீரென்று கேட்கிறது. இவ்வளவு தெளிவாகக் கேட்பதைக் கேட்கவில்லை என்றால், பெண் வேண்டாம் என்பதற்குச் சாக்குத்தானே? ஊரெல்லாம் பிரான்ஸ் சம்பந்தம் என்று சொல்லியாகிவிட்டது. பெண்ணுக்குப் பேச்சு வராதாமே என்று டீக்கடையில் ஒருவன் கேட்டும்விட்டான். இந்த வரன் போனால் அடுத்த வரனும் அந்தக் கேள்வியோடுதான் வரும் என்று மனிதர் இளைத்தே போனார்.

ஒரு நாள் அவர் கடைக்குள் வந்த வேகத்தில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

“எங்க ஊரே வேணாம்னு சொல்லிட்டா” என்றார். “போன்ல தெளிவா சொல்றா. ஒதியம்பட்டு நோன். நோன்னா பிரெஞ்சுல வேணாம், இல்லன்னு எனக்குத் தெரியாதா? நானும் புதுச்சேரிக்காரன்தான்.”

மனோன்மணி அம்மாள் ஒதியம்பட்டில் பிறந்தவர். பிறந்த ஊரை யாராவது அப்படிச் சொல்வார்களா என்று எனக்கு இடித்தது. சரியாக என்ன சொன்னார் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் எரிச்சலோடு, டிவியில் என்ன வருகிறது என்று கேட்டதற்கு ஓதியோ நோன் என்று வருகிறது என்றாள், எங்கள் ஊர்ப் பெயரைக்கூட முழுதாகச் சொல்ல அவளுக்கு வாய் வலிக்கிறது என்றார்.

டவுனில் இருந்து பிரெஞ்சு வாத்தியார் ஒருவர் பழைய கேசட்டுகளை சிடியில் மாற்ற எங்களிடம் வருவார். ஆடியோ என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஓதியோ என்பார். எனக்குச் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. அந்த மனிதர் இருந்த நிலையில் சிரிக்க முடியாமல் தண்ணீர் குடிக்கிற மாதிரி உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். ஆடியோவைத் திறக்க முடியவில்லை என்று அந்த டிவி பிரெஞ்சில் சொல்லியிருக்கிறது. ஊரையும் சொல்லவில்லை, பெண்ணையும் சொல்லவில்லை.

அவர் முன்னாலேயே மனோன்மணி அம்மாளுக்கு போன் போட வைத்து நானே பேசினேன். சத்தக் கோளாறுதான், சரி செய்து அனுப்புகிறேன் என்றேன். அந்த அம்மாள் நம்பாமல், “கோளாறு இன்னாம்மா கோளாறு. அந்தப் பொண்ணு கைய ஆட்டி ஆட்டி அவங்க அப்பாகிட்ட பேசறத நான் பாக்கலையா? பேச்சு வர்றவங்க அத்தினி ஆட்டு ஆட்டுவாங்களா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் வெட்டி வைத்த வீடியோவில் கலைவாணி கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அப்படியானால் போனது அது இல்லை. தெய்வசிகாமணி போன பிறகு முதலாளியைக் கேட்டேன். விமானத்துக்கு நேரமாகிவிட்டது, கேமராவிலிருந்து நேராக எடுத்து, எம்பி4 என்று பெயர் மாற்றிப் போட்டேன் என்றார். ஒன்றுமே நடக்காத மாதிரி சொன்னார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த ஃபைலை முதலிலிருந்து கேட்டேன். என் வேலை முறை அதுதான். முதலில் காது, பிறகு கண். பெயரைப் பார்க்காமல் உள்ளே இருப்பதைப் பார்ப்பேன். படம் எந்த முறை, சத்தம் எந்த முறை என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்வேன். தொடக்கம், நடு, கடைசி என்று ஓட்டி உதடும் குரலும் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். புது கேமரா சத்தத்தை ஏசி3 என்ற முறையில் பதிந்திருந்தது. எங்கள் கம்ப்யூட்டருக்கு அது தெரியும், அந்த டிவிக்குத் தெரியவில்லை. படத்தைத் தொடாமல் சத்தத்தை மட்டும் ஏஏசி என்ற முறைக்கு மாற்றி, இரண்டையும் உண்மையான எம்பி4க்குள் வைத்தால் தீர்ந்தது. டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

நான் டீயை மறந்து உட்கார்ந்திருந்தது வேறு காரணத்துக்காக. முக்காலியில் ஓடிக்கொண்டிருந்த கேமரா, கலைவாணி அப்பாவிடம் பேசியது அத்தனையையும் பதிந்திருந்தது.

வெட்டிவிட்டு வணக்கத்தை மட்டும் அனுப்பலாம். ஆனால் கையை ஆட்டிப் பேசியதை அந்த அம்மாள் பார்த்துவிட்டார். அந்த இடத்தை எடுத்துவிட்டால் சந்தேகம் இரண்டு மடங்காகும். வெட்டாமல் அனுப்பினால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது. பேசியவளையே கேட்டுவிடுவது என்று கலைவாணிக்குச் சொல்லி அனுப்பினேன்.

வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சீருடையோடு வந்தாள். ஹெட்போனை அவளிடம் கொடுத்தேன். கேட்கக் கேட்க முகம் சிவந்தது. நடுவில் ஒரு இடத்தில் அவளே சிரித்துவிட்டாள். வெட்டட்டுமா என்று கேட்டேன்.

“கைய ஆட்னத பாத்துட்டாங்க இல்லக்கா? இன்னா பேசினேன்னும் கேக்கட்டும். வெட்டாதீங்க” என்றாள். கதவு வரை போனவள் திரும்பி, “நான் ஊமையாவே இருந்தாலும் இதைத்தான் கையால சொல்லியிருப்பேன்” என்றாள்.

எனக்கு அந்தப் பெண்ணை அப்படிப் பிடித்துப்போனது. அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. நான் கடைக் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் தெய்வசிகாமணியோ என்று திடுக்கிட்டேன். மூன்றாம் நாள் அவர்தான் வந்தார். சண்டைக்கு வந்த மாதிரி தெரியவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

கல்யாணம் இல்லை என்றார். மனோன்மணி போனில் அழுதாளாம். சத்தம் நன்றாகக் கேட்டதாம். பையனும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டானாம். கேட்டு முடித்துவிட்டு, அங்கேயே ஒரு பெண்ணோடு தனக்கு வெகுநாள் பழக்கம் என்றும், அவளைத்தான் கட்டிக்கொள்ளப் போவதாகவும், அம்மாவுக்குப் பயந்து இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை என்றும் சொல்லிவிட்டானாம்.

“உன் பொண்ணு பேசினத கேட்டுத்தாண்ணா எம் புள்ளைக்குப் பேச்சு வந்துதுன்னு சொல்றா” என்றார். “ஒதியம்பட்டுக்கு மொத்தமா போன் போட்டு, எம் பொண்ணு மாதிரி பேசற பொண்ணு ஊர்லயே இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. டீக்கடக்காரன் வாயும் மூடிடுச்சி. அதெல்லாம் சரிம்மா. எம் பொண்ணு அப்பிடி இன்னா பேசினா? வணக்கம் அத்தைன்னுதான பேசினா?”

உள்ளேயிருந்து முதலாளி, இங்கிலீஷில் ஓர் எழுத்து கூட்டியதில்தான் எல்லாம் சரியானது என்று குரல் கொடுத்தார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. தெய்வசிகாமணியை என் நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்போனை அவர் தலையில் மாட்டி, ஃபைலை ஓட விட்டேன்.

திரையில் கலைவாணி கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். என்ன பேசுகிறாள் என்று எனக்கு மனப்பாடம். போட்டோவில் அத்தை சிரிக்கவேயில்லையே, அந்த ஊரில் சிரித்தால் வரி கட்ட வேண்டுமா என்கிறாள். சேதராப்பட்டில் நிமிர்ந்து நின்று வேலை பார்ப்பவளை அங்கே கூட்டிப்போய் எதற்குக் குனிய வைக்கிறீர்கள் என்கிறாள். பிறகு குரல் தணிந்து, “அந்தப் புள்ளைக்கு இதுல இஷ்டமான்னு யாராச்சும் கேட்டீங்களாப்பா? என்னைத்தான் கேக்கல. அதையாச்சும் கேளுங்களேன்” என்கிறாள். அவளுக்குப் பக்கத்திலேயே தெய்வசிகாமணி நிற்கிறார். தலையை வாரிக்கொண்டு, மாட்டை அதட்டிவிட்டு, சரி சரி, நேரா உக்காரு என்கிறார்.

வீடியோ வணக்கத்துக்கு வந்தபோது அவர் ஹெட்போனைக் கழற்றினார். திரையில் நிற்கும் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பக்கத்துலதான நிக்கறேன்” என்றார். “எனக்கு எதுவுமே கேக்கலயேம்மா.”

பிறகு ஹெட்போனைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபடியும் முதலிலிருந்து போடச் சொன்னார்.